மசகு

சுமையேற்றிய மாட்டு வண்டி ஒன்று மேட்டில் ஏறுகிறது. சக்கரங்கள் கிறீச்சிடுகின்றன, மாடுகள் இழுக்க மாட்டாமல் நுரை தள்ளுகின்றன. வண்டிக்காரர் வண்டியை நிறுத்துகிறார்; கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சில் கரிய மையைத் தடவுகிறார். பின்னர் வண்டி ஓசையின்றி உருள்கிறது. சுமை குறையவில்லை, மாடுகளின் வலிமையும் கூடவில்லை. அங்ஙனமாயின், மாறியது யாது?

எவ்வளவு வழவழப்பாகத் தோன்றும் பரப்பும் நுண்ணிய மேடுபள்ளங்களை உடையதே. இரு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது அவை உரசுகின்றன. இதனை உராய்வு என்பர். உராய்வினால் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது, உறுப்புகளும் தேய்கின்றன. பரப்புகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று இவ்வுராய்வைக் குறைக்கும் பொருளே மசகு ஆகும். வைக்கோற் கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து வண்டிக்கு மசகு செய்வது பழைய வழக்கம்.

இடத்திற்கு ஏற்ற மசகு வேண்டும். தையற்பொறிக்கு இளகிய எண்ணெய் ஏற்றது. வழிந்தோடாமல் நிற்க வேண்டிய இடத்திற்குக் கெட்டியான கிரீஸ் ஏற்றது. பூட்டினுள் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும். ஆதலின் அங்கே கிராபைட்டுப் பொடியை இடுவர். மனித உடலின் மூட்டுகளிலும் வழவழப்பான நீர்மம் ஒன்று மசகாகப் பயன்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க இரயில்கள் எண்ணெய் இடுவதற்காகவே இடையிடையே நிற்க வேண்டியிருந்தது. அடிமைத்தளையினின்று தப்பிக் கனடாவிற்குச் சென்ற கறுப்பினப் பெற்றோரின் மகன் எலைஜா மக்காய். ஸ்காட்லாந்தில் பொறியியல் பயின்று வந்தும், நிறவேற்றுமையினால் அவருக்குப் பொறியாளர் பணி கிட்டவில்லை. எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் இடுவதுமே அவருக்குக் கிடைத்த வேலை. அவர் மனம் தளரவில்லை. அவ்வேலையின் குறையையே ஆராய்ந்து, எஞ்சின் ஓடும்போதே தானாக எண்ணெய் இடும் கருவியை அமைத்து, 1872ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

எனினும், உராய்வு எங்கும் தீயதன்று. மிதிவண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும். தடைக்கட்டையில் அது படலாகாது. பட்டால், வேண்டியபோது வண்டி நில்லாது. ஓட்டுபவரின் உயிருக்கே இடர் நேரலாம். மசகு இடக் கற்பவர், அதனை இடத்தகாத இடத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.