கோட்டுக்குப் பின்னால் வரும் எண்

குண்டசாலையில் காலை பஸ் ஏறி, நின்றபடியே தென்னெகும்புரப் பாலம் தாண்டிக் கண்டிக்குப் போகிறவர்களுக்குத் தோள்பையின் பாரம் நன்றாகவே தெரியும். அந்தப் பைக்குள் ஒரு லெப்டொப்பும் இருக்கவேண்டிய காலம் இது. பேராதனைக்குப் போகும் மாணவிக்கு வேண்டும், கொழும்புக்கு ரயிலில் போய்வரும் கணக்காளருக்கு வேண்டும், வீட்டிலிருந்தே வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும் வேண்டும். சின்னதாக, பாரமில்லாமல், விலையும் கட்டுப்படியாக ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? தேநீரை ஊற்றிக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் விலை. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அந்த வருட நடுப்பகுதியில் அது 360ஐத் தொட்டது. லெப்டொப் எல்லாமே டொலருக்கு வாங்கி இறக்குவது என்பதால் விலையும் அதோடு ஏறியது. ரூபா பிறகு கொஞ்சம் தேறினாலும் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 15இலிருந்து 18 வீதமாயிற்று. அதனால் நம்மில் பலர் இன்று நிற்பது பாவித்த லெப்டொப் விற்கும் கடையில்தான். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. வெளிநாட்டுக் கம்பனிகள் ஊழியர்களுக்குக் கொடுத்து, மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாகக் கழிக்கும் இயந்திரங்கள்தான் அங்கே அதிகம்: லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிடியூட், எச்பி எலைட்புக். தினமும் தூக்கிக்கொண்டு அலைவதற்கென்றே உறுதியாகச் செய்தவை அவை. அதே விலைக்குக் கிடைக்கும் மலிவான புதிய லெப்டொப்பைவிட இவற்றையே நான் எடுக்கச் சொல்வேன்.

கடைக்குள் போனதும் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐ5ஆ, ஐ7ஆ?" ஐ7 என்றால் வேகம், ஐ3 என்றால் மெதுவு என்று மனதில் பதிந்துவிட்டது. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், இங்கே கொஞ்ச நேரம் உட்காருவோம்.

நம்முடைய ரயிலில் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று மூன்று உண்டு. ஐ7, ஐ5, ஐ3 என்பதும் அப்படித்தான்: ஒரே ரயிலுக்குள் எந்தப் பெட்டி என்று மட்டும் சொல்லும். ரயில் எந்தக் காலத்தது, எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அது சொல்லாது. பழைய ரயிலின் முதலாம் வகுப்பில் இருந்தாலும், புதிய ரயிலின் மூன்றாம் வகுப்பில் இருப்பவர் நமக்கு முன்னே கொழும்புக் கோட்டையில் இறங்கிவிடுவார். ஆகவே நாம் முதலில் கேட்கவேண்டியது, எந்த ரயில் என்று. கொம்பியூட்டர் சிப்பில் அதற்குத் தலைமுறை என்று பெயர்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. இன்டெல் சிப்பின் முழுப்பெயரில் ஐ5, ஐ7க்குப் பிறகு ஒரு சின்னக் கோடும் அதன் பின் ஒரு எண்ணும் வரும். அந்த எண் 6, 7, 8 என்று தொடங்கினால் அந்த முதல் இலக்கமே தலைமுறை. 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும்: 10210 பத்தாவது, 1135 பதினோராவது, 1215 பன்னிரண்டாவது. இப்போது இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஐ7-7500யூ, 2016இல் வந்த ஏழாம் தலைமுறை. உள்ளே வேலை செய்யும் பிரிவுகள், அதாவது கோர்கள், இரண்டு. ஐ5-8250யூ, 2017இல் வந்த எட்டாம் தலைமுறை, கோர்கள் நான்கு. ஒரே நேரத்தில் சூம் வகுப்பு, பத்துப் பக்கம் திறந்த பிரவுசர், ஓர் எக்செல் தாள் என்று ஓடவிட்டால், கடைக்காரர் ஐ7 என்று விலை கூட்டிச் சொன்னதுதான் முதலில் திணறும்.

ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் இன்னொரு மதிலும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ அந்நிறுவனம் அதிகாரபூர்வமாக ஏற்பது, மிகச் சில விலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஏழாம் தலைமுறையிலும் ஏதாவது வழிபண்ணி அதைப் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. பிறகு ஒருநாள் திருத்தம் வராமல் நின்றால், வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பதும் அதே இயந்திரத்தில்தானே?

கைக்கு அடக்கமான பாவித்த லெப்டொப் என்றால் எனக்கு நினைவுக்கு வருபவை திங்க்பேட் எக்ஸ்280, லேட்டிடியூட் 7290, எலைட்புக் 830 ஜி5. மூன்றும் 2018இல் வந்தவை. முதல் இரண்டுக்கும் 12.5 அங்குலத் திரை, மூன்றாவதற்கு 13.3. ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும், 15.6 அங்குல லெப்டொப் பல இரண்டு கிலோ வரும். ஆனால் ஒரே மாடல் பெயரில் ஏழாம் தலைமுறைச் சிப்போடும் சில வெளியாகியிருக்கின்றன. மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாமல், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று போய் எண்ணைக் கண்ணால் பாருங்கள். எண்ணின் முடிவில் யூ என்ற எழுத்து இருந்தால் மின்சாரம் குறைவாக எடுக்கும் சிப், பயணத்துக்கு அதுதான். எச் என்றால் பாரமான வேலைக்கானது. அது சூடாகும், பட்டரியையும் குடிக்கும்.

அடுத்தது ரேம். நாம் இந்த நிமிடம் திறந்து வைத்திருக்கும் வேலைகளைக் கொம்பியூட்டர் தாங்கிக்கொள்ளும் இடம் அது. 8 ஜிபி இல்லாமல் வாங்கவேண்டாம். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னால், எந்த மாடல் என்று பார்க்கவேண்டும்: எக்ஸ்280இல் ரேம் பலகையோடு பற்றவைத்தது, கூட்ட முடியாது. மற்ற இரண்டிலும் கழற்றி மாற்றலாம்.

மலிவான புதிய லெப்டொப்பில் வேறொரு பொறி உண்டு. சேமிப்பிடம் 64 ஜிபி, அதுவும் இஎம்எம்சி என்ற மெதுவான வகையாக இருக்கும். விண்டோஸ் 11க்கு ஆகக் குறைந்தது 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசொப்டே சொல்கிறது. அப்படியானால் உங்கள் படங்களும் பாடக்குறிப்புகளும் எங்கே போகும்? புதிதாகத்தான் வேண்டுமென்றால், 2023இல் வந்த இன்டெல் என்100 சிப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பிடம் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்துவேலைக்கும் வகுப்புக்கும் அது தாராளம்.

பட்டரிதான் பாவித்த லெப்டொப்பின் பலவீனம். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு வந்ததை நாம் மறக்கவில்லை. பட்டரி என்பது நமக்குப் பயணத்துக்கு மட்டுமான விஷயமும் அல்ல. அதன் கொள்ளளவை வாட்-மணியில் சொல்வார்கள். புதிதில் 48 வாட்-மணி கொள்ளும் பட்டரி, எட்டு வாட் எடுக்கும் இலேசான வேலைக்கு ஆறு மணி நேரம் ஓடும். 60 வீதமே மிஞ்சியிருந்தால் மூன்றரை மணி நேரம் சொச்சம்: கண்டியிலிருந்து கொழும்புக்குக் காணும், பதுளைக்குக் காணாது. முன்னே சொன்ன மூன்று பாவித்த மாடல்களும் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறக்கூடியவை. 65 வாட் தரும் பிடி (PD) வகைப் பவர் பேங்க் ஒன்று இருந்தால் பாதி வழியிலும் உயிர் கொடுக்கலாம்.

சார்ஜரின் பிளக்கையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த லெப்டொப்போடு இரண்டு உருண்டைக் கால் பிளக் வரலாம். நம் நாட்டு நியமம் சதுரக் கால் மூன்று கொண்ட 13 அம்பியர் பிளக். பேனா முனையால் நடுத்துவாரத்தை அழுத்தி இரண்டு காலைச் சொருகுவது பல வீடுகளில் நடக்கிறது. பாதுகாப்பு மூடியைத் திறந்து வைத்துவிட்டு, எர்த்தும் இல்லாமல், சரியாகப் பொருந்தாத பிளக்கில் மின்சாரம் எடுக்கும் வேலை அது. தயவுசெய்து வேண்டாம். வயரை மாற்றித் தரச் சொல்லிக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

காசு கொடுக்குமுன் விண்டோஸின் பட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. பட்டரி செய்யப்பட்டபோது கொண்ட அளவும் இன்று கொள்ளும் அளவும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பாதிக்குக் கீழே என்றால் புதுப் பட்டரியின் விலையைக் கேட்டு, அதைக் கழித்துப் பேரம் பேசுங்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஏழாம் தலைமுறைதான் எட்டும் என்றால் அதற்கும் வழியுண்டு: விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். அது இலவசம், திருத்தங்களும் தொடர்ந்து வரும், தமிழிலும் தட்டலாம். ஆனால் அப்படி வாங்கும்போது ஏழாம் தலைமுறைக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள், முன்னால் ஐ7 என்று எழுதியிருந்தாலும்.