மைதானத்தில் மது விற்கலாமா?

பெரிய போட்டி என்றால் மைதானம் நிரம்பி வழியும். ஆயிரக்கணக்கான பேர் வருவார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்களும் வருவார்கள். அங்கே மது விற்கலாமா? நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. அதைப் பற்றிப் பார்ப்போம்.

பாட்டில்கள் பறந்த நாள்

இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்து இருக்கிறது. கிளாஸ்கோ அங்குள்ள பெரிய நகரம். 1980 மே 10 அன்று அங்கே கால்பந்து இறுதிப் போட்டி நடந்தது. செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரு அணிகள் ஆடின. செல்டிக் வென்றது.

ஆட்டம் முடிந்தது. இரு பக்க ரசிகர்களும் வேலியைத் தாண்டி உள்ளே குதித்தார்கள். ஒருவரை ஒருவர் அடித்தார்கள். பாட்டில்களை வீசினார்கள். குதிரைப் போலீசார் வந்துதான் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

இதற்கு மது மட்டும் காரணம் அல்ல. இரு அணி ரசிகர்களுக்கும் நீண்ட காலப் பகை இருந்தது. மைதானத்தின் உள்ளே போதிய போலீசாரும் இல்லை. ஆனால் பலர் குடித்திருந்தார்கள். பகை என்ற நெருப்பில் மது எண்ணெய் ஊற்றியது.

அதே ஆண்டில் சட்டம் வந்தது. கால்பந்து மைதானத்திற்குள் மது கொண்டு போகக் கூடாது. குடித்துவிட்டு உள்ளே வரக் கூடாது. ரசிகர்கள் வாடகைக்கு எடுத்து வரும் பேருந்திலும் குடிக்கக் கூடாது.

இங்கிலாந்தில் 1985-ல் ஒரு சட்டம் வந்தது. கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே மது குடிக்க அது தடை விதித்தது.

பணத்தின் பலம்

மது விற்றால் பணம் வரும். மது நிறுவனங்கள் விளம்பரத்திற்கும் பணம் தரும். பிரேசில் நாட்டின் கால்பந்து மைதானங்களில் மதுவுக்குத் தடை இருந்தது. 2014-ல் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடப்பதாக இருந்தது. பீர் விற்க வேண்டும் என்று உலகக் கால்பந்து அமைப்பு வற்புறுத்தியது. பிரேசில் இணங்கியது. 2012-ல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது.

2022-ல் கத்தார் நாட்டில் உலகக் கோப்பை நடந்தது. அங்கே நடந்தது வேறு. போட்டி தொடங்க இரண்டே நாள் இருந்தது. அப்போது மைதானங்களில் பீர் விற்பனை இல்லை என்று அறிவித்தார்கள். விளம்பரம் செய்த பீர் நிறுவனத்தாலும் அதை மாற்ற முடியவில்லை.

நம் நாட்டில்

நம் நாட்டில் மது பற்றிச் சட்டம் செய்வது மாநிலங்களின் பொறுப்பு. குஜராத் மாநிலம் 1960-ல் உருவானது. அன்று முதல் அங்கே மதுவிலக்கு உண்டு. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டி நடந்தது. மைதானத்தில் மது விற்பனை இல்லை. அதனால் கூட்டம் குறைந்துவிட்டதா? இல்லை. 90 ஆயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள்.

ஆட்டத்தில் ஒரு அணி வெல்லும். மற்றொரு அணி தோற்கும். ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நலமாக வீடு திரும்ப வேண்டும். மைதானத்தில் மது வேண்டுமா என்று முடிவு செய்கிறவர்கள் இதைத்தானே முதலில் நினைக்க வேண்டும்?