தொடைக்குள் இருக்கும் ராடு

முத்துப்பேட்டை வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கோடு விழுந்து பிழைத்தவர்கள் சொல்வார்கள்: "தொடையில ராடு வச்சிருக்கு." எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், இடுப்பருகிலிருந்து முட்டிவரை எலும்பின் நடுவே வெள்ளைக் கோடு; இரு முனையிலும் குறுக்கே ஸ்குரூக்கள்.

மருத்துவர்கள் இதை ஆணி என்பார்கள். 1939-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் இதைத் தொடை எலும்புக்குள் முதலில் இறக்கினார். அதுவரை காலில் எடை கட்டி வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். தொடைச் சதையின் இழுப்பில் முறிந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். வெளியே பத்தை வைத்துக் கட்டி அதை அடக்குவது கடினம்.

எலும்பின் உட்குழல் உடுக்கை போன்றது. நடுவில் இறுகலாக இருக்கும் ராடு, முட்டியருகே ஆட்டம் காணும். கால் திரும்பும், குட்டையாகும். மண்வெட்டிக் காம்புக்கு ஆப்பு அடிப்பதுபோல, 1970-களில் குறுக்கு ஸ்குரூக்கள் வந்து இதற்கு முடிவு கட்டின.

தடிமன்தான் ராடின் பெரிய பலம். கெட்டியான கம்பி 10 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆனால், வளையாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதற்காகவே உட்குழலைக் குடைந்து அகலப்படுத்துகிறார்கள். குன்ட்ஷரின் ராடில் நீளவாக்கில் பிளவு இருந்தது. மூங்கிலை அப்படிக் கீறிவிட்டு இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அதன் பலவீனம் கைக்கே தெரியும்.

அதற்காக விறைப்பு மிகுந்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். முறிவில் மிகச் சிறிய அசைவு இருந்தால்தான் புது எலும்பு ஊறும். டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் ஏறக்குறைய பாதி. பலர் அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறியும். ஒவ்வொரு அடியிலும் ராடும் துளி வளைந்து நிமிர்கிறது. எலும்பு கூடிவிட்டால் சுமையை அது வாங்கிக்கொள்ளும். கூடாவிட்டால், பெரும்பாலும் முறிவுக்கு அருகிலுள்ள ஸ்குரூ துளையில் ராடு உடையும். "ராடு வச்சாச்சே" என்று புகைபிடிப்பதைத் தொடர்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் அப்படித்தான்.

எப்போது வரப்பில் நடக்கலாம், எப்போது சம்மணமிடலாம் என்று கேட்டால், மருத்துவர் பார்ப்பது ராடை அல்ல. நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த இரு எக்ஸ்ரேக்களில், முறிவின் நான்கு ஓரங்களில் மூன்றிலாவது வெளிறிய மேகம்போல் புது எலும்பு பாலம் போட்டிருக்கிறதா என்று தேடுகிறார்.