இளமை முதல் முதுமை வரை: பெண்களுக்கு எந்தக் காப்புறுதி பொருந்தும்?

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் சகோதரி ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு கடிதத்துடன் வந்தார். வயது 43. தனியார் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். கருப்பையில் கட்டி வளர்ந்து, மாதாமாதம் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கினால் சோர்ந்து போயிருந்தார். சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், இரண்டு வருடமாகத் தவணைப் பணம் கட்டிவந்த காப்புறுதி கைகொடுக்கும் என்று நம்பினார். கடிதத்தில் இருந்ததோ, ‘காப்புறுதி பெறுமுன்பே இந்நோய் இருந்துள்ளது, அதனை நீங்கள் தெரிவிக்கவில்லை. ஆகவே பணம் வழங்க இயலாது’ என்ற பதில்.

“விண்ணப்பம் நிரப்பும்போது பழைய ஸ்கேன் துண்டை முகவர் தம்பியிடம் காட்டினேன் அக்கா. அதெல்லாம் சின்ன விஷயம், எழுதத் தேவையில்லை என்று சொன்னார்” என்றார் அவர்.

அந்தத் தம்பி சொன்னது வாய்வார்த்தை. இவர் கையொப்பம் வைத்ததோ கடதாசியில். இரண்டுக்கும் இடையில் அகப்பட்டது, சிறுகச் சிறுகக் கட்டிய பணம். இந்நிலை இன்னொரு சகோதரிக்கு வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

இலவச சேவை இருக்கையில் காப்புறுதி எதற்கு?

பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியுங்கூட. நம் நாட்டில் அரச வைத்தியசாலைகளில் பிரசவம் முதல் புற்றுநோய்ச் சிகிச்சை வரை இலவசமாகவே கிடைக்கிறது. காப்புறுதி இல்லாவிட்டால் சிகிச்சையே இல்லை என்ற நிலை இங்கு கிடையாது. எனினும், வைத்தியரைச் சனல் பண்ணிப் பார்ப்பது, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, தனியார் வைத்தியசாலைக் கட்டணம், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பள இழப்பு என்று கையிலிருந்து போகும் பணம் கொஞ்சமல்ல. அந்தச் சுமையைக் குறைப்பதே தனியார் காப்புறுதியின் வேலை. அது அரச சேவைக்குத் துணையேயன்றி மாற்று அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால், அவசியமற்ற திட்டங்களில் பணத்தைக் கொட்டமாட்டோம்.

ஒரு பெண்ணின் உடல்நிலை வாழ்நாள் முழுவதும் ஒரேமாதிரி இருப்பதில்லை. அவளுக்குத் தேவையான காப்புறுதியும் அப்படித்தான்.

இளமைப் பருவம்

பாடசாலைப் பருவத்தில் பிள்ளைக்கு வேண்டியது தடுப்பூசியும் சத்துணவுமே. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பீ.வி. தடுப்பூசி 2017 முதல் 6ஆம் தரத்து மாணவிகளுக்கு இலவசமாக ஏற்றப்படுகிறது. பெற்றோர் இதனைத் தவறவிடக்கூடாது.

படிப்பை முடித்து வேலைக்குச் செல்லும் வயதில் உடலில் நோய் குறைவு. அதனால் தவணைப் பணமும் குறைவு. காப்புறுதி பெற ஏற்ற காலம் இதுவே. ஆனால் நோய் இல்லாத அந்த வயதில்தான் அதைப் பற்றி எவரும் நினைப்பதில்லை.

தாய்மைக் காலம்

பல திட்டங்களில் மகப்பேற்றுச் செலவு சேர்க்கப்படுவதில்லை. சேர்க்கப்பட்டாலும், காப்புறுதி தொடங்கிக் குறிப்பிட்ட மாதங்கள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும். இதனைக் காத்திருப்புக் காலம் என்பர். கர்ப்பம் தரித்த பின் ஓடிச்சென்று காப்புறுதி எடுப்பதில் பயனில்லை. திருமணம் நிச்சயமாகும்போதே விசாரிக்க வேண்டும். சாதாரண பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் எவ்வளவு, பிறந்த குழந்தை எந்த நாளிலிருந்து காப்புறுதிக்குள் வரும் என்பவற்றையும் கேட்டறிவது நல்லது.

தனியார் வைத்தியரிடம் காட்டினாலும், குடும்பநல உத்தியோகத்தரிடம் காலதாமதமின்றிப் பதிவு செய்து கிளினிக்குக்குச் செல்லுங்கள். கர்ப்பகாலத்தில் நீரிழிவு ஏற்பட்ட தாய்மாருக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். பிரசவத்தின் பின்னும் அவர்கள் இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

35ஐத் தாண்டும்போது

கருப்பைக் கட்டி, தைரொயிட், உயர் குருதி அமுக்கம், நீரிழிவு எல்லாம் மெல்லத் தலைகாட்டும் வயது இது. இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை, குருதி அமுக்கம், சீனியின் அளவு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை என்பன இலவசமாகச் செய்யப்படுகின்றன. 1996இல் தொடங்கிய இச்சேவை முக்கியமாக 35 வயதைக் கடந்த பெண்களுக்கானது. வெட்கத்தினாலும் பயத்தினாலும் போகாதிருப்போர் இன்னும் எத்தனையோ பேர்.

காப்புறுதியில் இந்த வயதில் கவனிக்க வேண்டியது பாரிய நோய்களுக்கான நன்மை. புற்றுநோய், மாரடைப்பு போன்றவை உறுதி செய்யப்பட்டதும் ஒரு தொகை மொத்தமாகக் கொடுக்கப்படும். ஆரம்பக் கட்டப் புற்றுநோய்க்கும் அது கிடைக்குமா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். சில திட்டங்கள் அதனை விலக்கியிருக்கும்.

வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று தரும் திட்டங்களும் உண்டு. இவற்றுள் சில, அரச வைத்தியசாலை வாட்டில் இருந்தாலும் பணம் தரும். நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இது பெரிய உதவி.

மாதவிடாய் நின்ற பின்

ஏறத்தாழ 50 வயதளவில் மாதவிடாய் நிற்கிறது. அதன்பின் எலும்பு பலம் குறைகிறது. இருதய நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. சிறு வழுக்கலில்கூட இடுப்பெலும்பு முறியலாம். காப்புறுதியின் தேவை கூடும் இந்த வயதில்தான் தவணைப் பணமும் கூடுகிறது. பல திட்டங்கள் குறிப்பிட்ட வயதுக்கு மேல் புதிதாக எவரையும் சேர்ப்பதில்லை. எத்தனை வயது வரை புதுப்பிக்கலாம் என்ற கேள்வியை 30 வயதிலேயே கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருக்கும் பெண்கள் பலர் கணவரின் தொழில்வழிக் காப்புறுதியில் தங்கியிருக்கிறார்கள். கணவர் வேலையை விட்டாலோ, இறந்துவிட்டாலோ அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம். நமக்கென்று சிறியதாகவேனும் ஒரு காப்புறுதியோ சேமிப்போ இருப்பது வீண்செலவல்ல. அரச ஊழியர்கள் தமக்குள்ள அக்ரஹார காப்புறுதியில் என்னென்ன நன்மைகள் உண்டு என்பதை முதலில் அறிந்துகொண்டு, அதில் இல்லாதவற்றுக்கு மாத்திரம் வேறு திட்டத்தை நாடலாம்.

கையொப்பமிடுமுன்

* முன்பிருந்த நோய், சத்திரசிகிச்சை, கருச்சிதைவு, ஸ்கேன் முடிவு அனைத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். உண்மையை முழுமையாகச் சொல்வதே காப்புறுதியின் அத்திவாரம்.
* விண்ணப்பத்தை முகவர் நிரப்பினாலும் முழுவதும் வாசித்த பின்னரே கையொப்பமிடுங்கள். பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள்.
* தெரிந்த மொழியில் விளக்கம் கேளுங்கள். விளங்காத ஒன்றுக்கு ஒப்பமிட வேண்டாம்.
* எவற்றுக்குப் பணம் கிடைக்காது என்ற பகுதியை முதலில் வாசியுங்கள்.
* வெளிநோயாளர் சிகிச்சைக்கும் மருந்துக்கும் பணம் உண்டா, அறைக் கட்டணத்துக்கு எல்லை உண்டா என்று கேளுங்கள்.
* தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் அறிந்து வையுங்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால்

மனமுடைந்து இருந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேட்டு, நிறுவனத்தின் மேலதிகாரிக்கு முறையிடுங்கள். அதிலும் தீர்வு கிடைக்காவிடில் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். வைத்திய அறிக்கைகள், பற்றுச்சீட்டுகள், கடிதங்கள் யாவையும் ஒரு கோவையில் ஒழுங்காக வைத்திருப்பவரின் முறைப்பாட்டுக்கே பலம் அதிகம்.

எங்கள் சகோதரியும் முறைப்பாடு எழுதினார். கையில் விண்ணப்பப் பிரதி இல்லாததால் முகவர் சொன்னதை நிரூபிக்க முடியவில்லை, பணம் கிடைக்கவில்லை. ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் இல்லை. அரச வைத்தியசாலையில் பெயர் பதிந்து, முறை வரும்வரை காத்திருந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டார். இப்போது சுகமாக வேலைக்குப் போய்வருகிறார்.

சென்ற மாதம் அவருடைய மகளுக்கு முதல் வேலை கிடைத்தது. மகளுக்குக் காப்புறுதி விண்ணப்பம் நிரப்பிய அன்று தாயும் பக்கத்தில் இருந்தாராம். சின்ன வயதில் வந்த வலிப்பு முதற்கொண்டு ஒன்றுவிடாமல் எழுத வைத்தாராம். “தவணைப் பணம் கொஞ்சம் கூடத்தான் சொன்னார்கள் அக்கா. பரவாயில்லை, இது உண்மையான பத்திரம்” என்றார்.

நாமும் இன்றே அலுமாரியைத் திறந்து, நமது காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பார்ப்போமா?