இருமல் சிறிதென்று இருந்துவிடலாமா?

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழ், லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியாவைப் பற்றி எழுதியது. எய்ட்ஸ் குறித்த முதல் பதிவு அதுதான். அந்த நிமோனியாவுக்குக் காரணம் நியுமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. நம்மில் பலருக்குச் சிறு வயதிலேயே தொற்றி, தெரியாமலே போய்விடும் கிருமி. எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம்தான் கைவரிசையைக் காட்டும். அதுவும் சத்தமில்லாமல்: வறட்டு இருமல், காய்ச்சல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு. தொடக்கத்தில் எக்ஸ்ரேகூடத் தெளிவாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கையில் சரியாகக் காட்டும் ஆக்சிஜன் அளவு, கொஞ்சம் நடந்தால் சரியும். சளியும் கடுங்காய்ச்சலும் பெரும்பாலும் கிருமியோடு உடல் போடும் சண்டையின் அடையாளங்கள். படையே மெலிந்துவிட்டால் அடையாளமும் மங்கும். அதனால்தான் உறுப்பு மாற்று செய்துகொண்டவர், கீமோ எடுப்பவர், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர் ஆகியோரின் சிறு இருமலையும் பெரிதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இருமினாலே ஸ்கேன் என்றால் வீண் செலவு, வீண் பீதி என்பார்கள். எல்லோருக்கும் கேட்கவில்லை, இவர்களுக்குத்தான் கேட்கிறேன். இந்த நிமோனியாவைத் தடுக்கும் மருந்தோ மலிவு. எச்ஐவி உள்ளவரின் சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே போனால் கோட்ரைமாக்சசோல் மாத்திரை தருகிறார்கள். சிலருக்குத் தோலில் தடிப்பு வரும், உண்மைதான். அவர்களுக்கு மாற்று மருந்துகள் உண்டு. எச்ஐவி சிகிச்சையில் அணுக்கள் ஏறி நிலைத்ததும் மருத்துவரே மாத்திரையை நிறுத்தலாம்.