டீயில் இருக்கும் தண்ணீர் எங்கே போகிறது?

"டீ, காபியெல்லாம் தண்ணிக் கணக்குல வராது. அது உடம்புல இருக்கிற தண்ணியையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்." காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் வாட்ஸாப் வைத்தியர்கள் வரை எல்லோருக்கும் இது மனப்பாடம். இதைக் கேட்டுவிட்டு, குடித்த ஒவ்வொரு டம்ளர் டீக்கும் பரிகாரமாக ஒரு சொம்புத் தண்ணீரைக் கடனே என்று விழுங்குகிறவர்களும் உண்டு. தாகம் இருந்தால் தாராளமாகக் குடிக்கட்டும். டீக்குப் பரிகாரமாகக் குடிக்க அவசியமில்லை. காரணம் சிறுநீரகம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

சிறுநீரகத்தை வடிகட்டி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, பொங்கலுக்கு முன்னால் சமையலறையைச் சுத்தம் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டாததை மட்டும் தேடிப்பிடித்து யாரும் எடுப்பதில்லை. அலமாரியில் இருக்கிற அத்தனையையும் முதலில் கூடத்துக்கு இறக்கிவிடுவோம். அரிசி டின், பருப்பு டப்பா, உப்பு ஜாடி, மூடி தொலைந்த எவர்சில்வர் சம்புடம், எப்போதோ வாங்கிக் கல்லாகிப்போன பெருங்காயம் எல்லாம் தரையில் வந்து உட்காரும். பிறகு வேண்டியதை ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே வைப்போம். கடைசியில் கூடத்தில் மிஞ்சுவது குப்பைக்குப் போகும். எது குப்பை என்பது இறக்கும்போது முடிவாவதில்லை, திருப்பி வைக்கும்போதுதான் முடிவாகிறது.

சிறுநீரகமும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள். ரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டு, தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா என்று மற்றதையெல்லாம் அவை இறக்கிவிடுகின்றன. நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 மில்லி. ஒரு நாளைக்குக் கூட்டினால் 180 லிட்டர். நம் ரத்தத்தின் திரவப் பகுதி மொத்தமே 3 லிட்டர் அளவுதான். அதாவது அதே திரவம் தினமும் 60 தடவை இறங்கி ஏறுகிறது. சிறுநீராக வெளியே போவதோ ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர். இறக்கியதில் 99 சதவீதம் திரும்ப உள்ளே போய்விடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது உப்பு ஜாடியை. தண்ணீரைத் தூக்கி வைக்க சிறுநீரகத்தில் தனி ஆள் கிடையாது. உப்பில் இருக்கும் சோடியத்தை உள்ளே இழுத்தால் தண்ணீர் அதன் பின்னாலேயே தானாகப் போய்விடும். அந்த முடிச்சுகளை அடுத்து வரும் முதல் வளைவுக் குழாயிலேயே, இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு இப்படித் திரும்பிவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் வருகிறது. உடம்பில் தண்ணீர் குறைவாக இருந்தால் அது சுரந்து, கூடத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீரையும் முடிந்த மட்டும் உள்ளே அனுப்பிவிடும். தண்ணீர் போதுமென்றால் அது அடங்கிவிடும், மிச்சம் வெளியே போகும்.

இப்போது காஃபின் வருகிறது. உடம்பில் அடினோசின் என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. மூளையில் அது தூக்கத்தை வரவழைக்கிறது. அது வந்து உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் முந்திப்போய் உட்கார்ந்துகொள்வதால்தான் காபி குடித்ததும் கண் விழிக்கிறது. சிறுநீரகத்தில் அதே அடினோசின், சோடியத்தைத் திருப்பி வைக்கும் வேலைக்குத் துணை நிற்கிறது. அங்கேயும் காஃபின் போய் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உப்பு ஜாடிகளில் ஒன்றிரண்டு கூடத்திலேயே நின்றுவிடுகின்றன, அவற்றோடு கொஞ்சம் தண்ணீரும். ஆக, நடைப்பயிற்சிக்காரர்கள் சொல்வது ஒரேயடியாகக் கட்டுக்கதை இல்லை. காஃபினின் நெருங்கிய உறவான தியோஃபிலினை ஒரு காலத்தில் மருத்துவர்கள் சிறுநீரைப் பெருக்கும் மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது. குடித்த தண்ணீரைவிட அதிகமாக வெளியே போனால்தானே நஷ்டம்?

இதைப் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் அலசி 2003-ல் மாஹன், கிரிஃபின் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாள் காஃபினைத் தொடாமல் இருந்தவர் ஒரே நேரத்தில் 250 முதல் 300 மில்லிகிராம் எடுத்துக்கொண்டால் சிறுநீர் தற்காலிகமாகக் கூடுகிறது. தினமும் குடிக்கிறவர்களிடம் அந்த விளைவு பெரிதும் தேய்ந்துவிடுகிறது என்பது அதன் சாரம். பழகினால் விளைவு மங்கும் என்பது 1928-லேயே பதிவான விஷயம். தினமும் வந்து குறுக்கே நிற்கும் ஆளைச் சமாளித்து வேலையை முடிக்க சிறுநீரகம் கற்றுக்கொண்டுவிடுகிறது.

300 மில்லிகிராம் என்றால் எத்தனை டம்ளர்? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் கணக்கு இருக்கிறது. 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம், அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, கொட்டையை அரைத்து இறக்கிய காபியில் 80 முதல் 120. டீக்கடைக் கண்ணாடி கிளாஸில் 150 மில்லியே பிடிக்காது. ஃபில்டர் காபிப் பிரியர்கள் தங்கள் டிகாக்‌ஷனின் கெட்டித்தன்மையைப் பற்றிப் பெருமையாகவே பேசுவார்கள். ஆனால் பாக்கெட்டில் 40 சதவீதம் சிக்கரி என்று போட்டிருந்தால் அந்த 40-க்குக் காஃபின் கிடையாது. நிறமும் கசப்பும் மட்டும்தான் அதன் பங்கு. ஆக, டீ என்றால் ஐந்தாறு கிளாஸை ஒரே மூச்சில் குடித்தால் ஒழிய அந்த அளவை எட்டுவது கஷ்டம். எட்டினாலும், அந்த ஐந்தாறு டீயோடு அரை லிட்டருக்கு மேல் தண்ணீரும் உள்ளே வந்திருக்கும்.

நேராகவே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர், தினமும் 3 முதல் 6 கப் காபி குடிக்கும் 50 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் தினமும் 200 மில்லி காபி நான்கு தடவை. இன்னொரு மூன்று நாள் காபிக்குப் பதில் அதே அளவு தண்ணீர். 24 மணி நேரச் சிறுநீரின் சராசரி, காபி நாட்களில் 2,409 மில்லி, தண்ணீர் நாட்களில் 2,428 மில்லி. உடம்பின் மொத்த நீரளவிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் சிறுநீரில் வெளியேறிய சோடியம் காபி நாட்களில் சற்றுக் கூடுதலாக இருந்தது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது இந்தச் சின்னத் தகவல்தான். கூடத்தில் நின்றுபோன அந்த உப்பு ஜாடி கண்ணுக்குத் தெரிகிறது. அதன் பின்னால் போகவேண்டிய தண்ணீரைத்தான் காணோம். காபியையே மிக அழுத்தமாக்கி 537 மில்லிகிராம் காஃபினை ஒரே தடவையில் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில் சிறுநீர் கூடியது. அதில் பாதி கொடுத்தபோது கூடவில்லை.

அப்படியென்றால் காபி குடித்த அரை மணி நேரத்தில் ஏன் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது? முக்கால்வாசிக் காரணம், ஒரு டம்ளர் திரவம் குடித்திருக்கிறோம் என்பதே. வாசோபிரெசின் அடங்குகிறது, மிச்சம் இறங்குகிறது. வெறும் தண்ணீர் குடித்தாலும் இதேதான் நடக்கும். தண்ணீர்மேல் யாரும் சந்தேகப்படுவதில்லை, அவ்வளவுதான். சிலருக்குக் காஃபின் சிறுநீர்ப்பையைத் தூண்டி, பை நிறையும் முன்பே அவசரப்படுத்தவும் செய்யும். அவசரம் வேறு, அளவு வேறு.

பாலுக்கு இதில் ஒரு நல்ல பெயர் உண்டு. 2016-ல் 72 ஆண்களுக்குப் பதின்மூன்று வகைப் பானங்களைக் கொடுத்து, எது உடம்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்தார்கள். டீயும் காபியும் தண்ணீரைப் போலவே நடந்துகொண்டன. பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் தண்ணீரைவிட அதிகமாகத் தங்கின. நம் டீயில் ஊற்றும் பாலால் தண்ணீர்க் கணக்குக்கு நஷ்டம் வராது.

கணக்கில் வருகிறது என்பதற்காகத் தண்ணீருக்குப் பதில் டீயாகவே குடிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். காரணம் காஃபினைவிடச் சர்க்கரை. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் வீதம் ஐந்து டீ என்றால் ஏறக்குறைய 50 கிராம். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி கூடாது என்று அந்த 2024 வழிகாட்டி சொல்வதும் தண்ணீருக்காக இல்லை. அதிலுள்ள டானின், சாப்பாட்டின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பதற்காக. ரத்தசோகை உள்ள பெண்கள் டிபனோடு காபி குடிப்பதைப் பற்றித்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கில் கறாராக இருப்பவர்கள் டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்கள். அங்கே வருகிறவருக்குச் சிறுநீரகம் இறக்கி வைக்கிற வேலையையே ஏறத்தாழ நிறுத்திவிட்டது. குடித்ததெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உள்ளேயே தங்கும். ஒரு லிட்டர் தங்கினால் எடை ஒரு கிலோ ஏறும். "தண்ணியே குடிக்கல சிஸ்டர், மாத்திரைக்கு ரெண்டு மடக்குதான்" என்பார் நோயாளி. தராசு இரண்டரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். உடனே விசாரணை தொடங்கும். டீ எத்தனை, காபி எத்தனை, மத்தியானம் ரசமா மோரா, ராத்திரி கஞ்சியா? 100 மில்லி டீ என்றால் சீட்டில் 100 மில்லி என்றே எழுதுவார்கள். காஃபினுக்கென்று அதில் எதையும் கழிப்பதில்லை.