சிறு கட்டட ஒப்பந்தகாரரும் முகாமையும்

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரிவிலே மோதரகம் ஆற்றை அடுத்துள்ள பழைய ஊர் முள்ளிக்குளம். 2007ஆம் ஆண்டு போரின்போது ஊரவர் வெளியேற நேர்ந்தது. அவர்தம் காணியின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படையினர் 2017 ஏப்பிரிலிலேயே இணங்கினர். பத்தாண்டு பிரிந்திருந்தோர் மீளுங்கால் வேண்டுவது முதலில் வீடேயாம். அதனைக் கட்டுவோருட் பலர் நான்கைந்து மேசன்மாரைக் கொண்டு தொழில் நடத்தும் சிறு ஒப்பந்தகாரர். அவர் நொடிப்பின், அரைச்சுவரோடு நிற்பது ஓர் ஏழையின் வீடாகும். ஆதலின் அவர்தம் தொழில் நிலைபெறுமாறு யாதென ஆராய்தல் தகும்.

கைத்திறன் குறைவால் நொடிப்போரினும் கணக்குக் குறைவால் நொடிப்போரே பலர் எனலாம். பத்து இலட்சம் ரூபா வேலையொன்றில் நூற்றுக்கு எட்டு வீதம் இலாபம் கருதினால் அது 80,000 ரூபா. குறைதிருத்தக் காலம் முடியும்வரை நூற்றுக்கு ஐந்து வீதம், அதாவது 50,000 ரூபா, தடுத்துவைக்கப்படின், வேலை முடிந்த அன்று கைக்கு எட்டுவது 30,000 ரூபா மாத்திரமே. ஏட்டில் இலாபமும் கையில் வறுமையும் ஒருங்கே நிற்றல் இதனாலாம். ஆகவே காசு வரும் நாளையும் செல்லும் நாளையும் வாரந்தோறும் குறித்துவைத்தல் முதற்கடன். வேலைக்கொரு கணக்கேடு வேண்டும். ஒரு வீட்டின் முற்பணத்தை மற்றொரு வீட்டின் கடனுக்கு ஈடுசெய்தல் ஆகாது.

2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதியில், வீடொன்றுக்கு 5,50,000 ரூபா பயனாளியின் வங்கிக் கணக்கிற்கே தவணை தவணையாக வழங்கப்பட்டது. அத்திவாரம், சுவர், கூரை எனப் படிப்படியாக வேலையை அளந்து பணம் பெறும் இம்முறை சிறு ஒப்பந்தகாரருக்கும் ஏற்றதே. படியொன்று முடிந்ததும் இருபாலாரும் அளந்து கையொப்பமிடின் பிணக்கு எழாது.

இரண்டாவது, விலைக்கோரலில் நிதானம். 2021இல் ஆயிரம் ரூபாவளவில் விற்ற ஒரு மூடை சீமெந்து, 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் மூவாயிரம் ரூபாவை எட்டியது. நிலையான விலைக்கு ஒப்பியிருந்தோர் கைப்பொருள் இழந்தனர். விலையேற்றத்திற்கேற்பத் தொகையைத் திருத்த வழிசெய்யும் வாசகம் ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும். சிறு வேலையாயினும் ஒப்பந்தம் எழுத்திலிருத்தல் நன்று.

மூன்றாவது, காலமறிதல். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் இக்கரையை நனைக்கும். அதன் முன்னரே அத்திவாரமும் கூரையும் முடிவதற்கேற்ப வேலையை வகுத்தல் அறிவுடைமை. மணல் அகழவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டுமாதலின், அதனையும் முற்கூட்டியே பெறுதல் வேண்டும். மணலின்றி வேலை நிற்கும் நாளிலும் கூலி நில்லாது.

நான்காவது, தொழிலாளரைப் பேணல். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதமும் ஊழியர் எட்டு வீதமும் செலுத்தல் வேண்டும். இதனைச் சுமையெனக் கருதி விடுப்போர் உளர். ஆயினும் நல்ல மேசனை நிலைநிறுத்துவது இத்தகைய உறுதியே.

வருவாய் சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாதிருப்பின் கேடில்லை என்பது திருக்குறள் வலியறிதல் அதிகாரத்துக் கருத்து. தன் வலிக்கு மிஞ்சிய வேலையை மறுத்தலும் முகாமையே. அவ்வாறு மறுக்கக் கற்றவர் தொடங்கிய வீடு கூரை காணும். அதில் வாழவிருப்போரின் காத்திருப்பும் ஒரு முடிவு காணும்.